மூன்றாம் முறை போட்ட சோறு

மகளே,

எனக்குச் சர்க்கரை ஏன் இவ்வளவு ஏறியிருக்கிறது என்று போனில் கேட்டாய். உன் அம்மா பக்கத்திலேயே இருந்ததால் சொல்ல முடியவில்லை.

நான் சாப்பிட்ட பிறகுதான் அவள் சாப்பிடுவாள், உனக்கே தெரியும். ஞாபகம் தப்பிய பிறகும் அந்த வழக்கம் மட்டும் போகவில்லை. நான் கைகழுவி வருவதற்குள், நான் சாப்பிட்டதையே மறந்துவிடுகிறாள்.

இன்று மத்தியானமும் தன் தட்டைத் தள்ளி வைத்தாள். “சாப்ட்டேன்டி, வயிறு முட்டுது” என்றேன்.

“பொய் சொல்லாதீங்க. நீங்க பட்டினி கெடக்க, நான் எப்படி சாப்புடுவேன்?” என்றாள்.

மூன்றாம் முறையாகச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நான் சாப்பிட்டு முடித்த பிறகுதான் நாலு வாய் சாப்பிட்டாள்.

முத்தியால்பேட்டை டாக்டர் திட்டுகிறார். திட்டட்டும். எனக்கு ஒன்று ஆகிவிட்டால், நான் சாப்பிட வருவேன் என்று அவள் எத்தனை நாள் காத்திருப்பாள், கண்ணு?

அப்பா