ஈசானிய மூலை

விருத்தாசலம்
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி கயல்விழி எழுதுவது. இங்கே நானும் நம் பெண் இளமதியும் நன்றாக இருக்கிறோம். அங்கே நீங்கள் நலமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் நலம் என்றுதான் சொல்வீர்கள், நான் அதை நம்ப மாட்டேன். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீங்கள் ஒன்பது சொல்கிறீர்கள். நான் பதில் சொல்ல ஆரம்பித்தால் சிக்னல் இல்லை என்கிறீர்கள். உங்கள் அண்ணனிடம் பேசும்போது மட்டும் மஸ்கட்டுக்கு எங்கிருந்து சிக்னல் வருகிறதோ தெரியவில்லை. காகிதத்தைக் குறுக்கே வெட்டிப் பேச முடியாது. உங்கள் கேம்ப்பில் இருக்கும் நல்லூர் மதிவாணன் லீவு முடிந்து புதன்கிழமை கிளம்புகிறான். அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீங்கள் படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

கொளஞ்சியப்பர் கோயிலில் உங்கள் மேல் பிராது எழுதிக் கட்டச் சொன்னாள் என் அக்கா. முருகன் வந்து விசாரிப்பதற்கு, தூரத்துக்குத் தகுந்தபடி படிப்பணம் கட்ட வேண்டும். மஸ்கட் வரைக்கும் யார் கட்டுவது? அதனால் சாமியை நடுவில் இழுக்காமல் நேரே உங்களுக்கே எழுதுகிறேன்.

நீங்கள் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதைக் கேட்டேன். "ஷெட்டு சாவிய அண்ணங்கிட்ட குடுத்துடு. அந்தக் கக்கூஸ நான் வர்றதுக்குள்ள இடிச்சிடு. பொம்பள மொதலாளின்னு ஊரே சிரிக்குது" என்கிறீர்கள். பதினாறு வருஷமாக நீங்கள் சொல்லி நான் தட்டியது கிடையாது என்றும் சொல்கிறீர்கள். உண்மைதான். இப்போது தட்டுகிறேன். சாவியும் தர மாட்டேன், இடிக்கவும் மாட்டேன்.

என்ன நடந்தது என்று உங்கள் அண்ணன் பாதிதான் சொல்லியிருப்பார். மீதியை நான் சொல்கிறேன். போன மாதம் ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். வந்தவர் போனில் திசை பார்த்தார், நாலு சுவரையும் தட்டிப் பார்த்தார், பெரிய மூச்சு விட்டார். "ஈசானி மூலையில கக்கூஸ் இருந்தா குடும்பத் தலைவனுக்கு ஆவாதும்மா. அடி படும்" என்றார். உடனே உங்கள் அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார், ஏதோ நான்தான் சாரத்தில் ஏறி உங்களைப் பிடித்துத் தள்ளியது போல. தை மாதம் நான் இங்கே கக்கூஸ் கட்டினேன், ஆடி மாதம் நீங்கள் அங்கே சாரத்திலிருந்து விழுந்து முழங்காலில் அடிபட்டுக்கொண்டீர்கள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவார்கள் என்று கேட்டிருக்கிறேன், நிஜமாகவே ஒரு முழங்காலுக்குப் போட்டதை அன்றுதான் பார்த்தேன்.

மற்ற மூன்று மூலைகளில் எங்கே கட்டுவது என்று அவரையே கேட்டேன். ஒன்றில் டீக்கடை பெஞ்சு, அதில் எந்நேரமும் ஆம்பிளைகள். ஒன்றில் டிரான்ஸ்பார்மர். இன்னொன்றுக்குப் பின்னால் கருவேல முள்ளுக் காடு. ரோட்டு வெளிச்சம் விழுவதும், ஒரு பெண் பயமில்லாமல் கதவைத் திறந்துகொண்டு போகக்கூடியதும் அந்த ஈசானிய மூலை ஒன்றுதான். அவர் போனில் மறுபடி திசை பார்த்தார். கிளம்பும் நேரத்தில் உங்கள் அண்ணன் காதில் என்னமோ முணுமுணுத்தார். உங்கள் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு வந்து, "அவருக்கு அவசரமாம்மா" என்றார். அந்த வரிசையில் வேறு எந்த ஷெட்டிலும் வசதி கிடையாது. வாளியில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லிக் கதவைக் காட்டினேன். இதை உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மாமா, நான் எதற்காகத் தொழில் ஆரம்பித்தேன் என்று நீங்கள் இதுவரை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. உங்கள் சம்பளம் பத்தவில்லை என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். எனக்குப் பேராசை என்கிறார் உங்கள் அண்ணன். இரண்டும் இல்லை. நான் வேலை பார்த்த கம்பெனியில் என்ன செய்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கக்கூஸ் பீங்கான். அச்சிலிருந்து எடுத்த பச்சைச் சரக்கை நாங்கள் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சு போட்டு வழவழவென்று துடைத்து வைப்போம். அதற்குப் பிறகுதான் சூளைக்குப் போகும். யார் துடைத்தது என்று தெரிய அடியில் ஆளுக்கொரு குறி கீற வேண்டும். என் குறி ஒரு மீன். முன்பக்கக் கண்ணாடி ரூமில் தினுசு தினுசாக அடுக்கி விலைச்சீட்டு ஒட்டியிருப்பார்கள். பின்பக்கம் தேய்க்கிற எங்களுக்குப் போக இடம் கிடையாது. ஓனர் ரூமில் ஒன்று இருந்தது, அதற்குப் பூட்டு.

கருவேலங்காட்டுக்குத்தான் போவோம், துணைக்கு ஒருத்தி இல்லாமல் போக முடியாது. இரண்டு பேர் எழுந்தால் சூப்பர்வைசர் முறைப்பான். பீஸ் கணக்கு வேலை, போகிற நேரமெல்லாம் எங்கள் நஷ்டம். அதனால் காலையில் வீட்டில் ஒரு வாய் காப்பி, அதற்கப்புறம் சாயங்காலம் பஸ் இறங்கும்வரை தண்ணீர் குடிப்பதில்லை. சித்திரை வெயில், பக்கத்தில் சூளை, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஸ்பாஞ்சைப் பிழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வோம். உங்களிடம் ஒரு முறை சொன்னேன். "எல்லாப் பொம்பளைங்களும் இருக்கறாங்கல்ல" என்றீர்கள்.

பெரியநாயகி ஞாபகம் இருக்கிறதா, ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பஸ்ஸில் வருவாளே, இளமதி காதுகுத்துக்கு வெள்ளி கொலுசு போட்டவள். அவள் ஒருநாள் வேலையிலேயே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். உள்ளே கல், கிருமி, எல்லாம் சேர்ந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. ஏம்மா தண்ணீரே குடிப்பதில்லையா என்று திட்டினார். அதற்கு இவள், "குடிச்சா போவணும்ல டாக்டர்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு அங்கேயே உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் ஓனரிடம் போய் நின்றேன். பெண்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டித் தாருங்கள், பீங்கான்கூட வாங்க வேண்டாம், கழித்துப் போட்டதில் ஒன்று போதும் என்றேன். "கட்டினா தண்ணி யாரு ஊத்தறது, கழுவறது யாரு? அவ்ளோ ரோஷம் இருந்தா நீயே ஒரு கம்பெனி வெச்சுக் கட்டிக்க" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் அதை மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை.

கடலூரில் தொழில் பயிற்சிக்குப் போனேனே, அங்கே முதல் நாள் ஒவ்வொருவரையும் எழுப்பி, எதற்காகச் சொந்தத் தொழில் என்று கேட்டார் வகுப்பு எடுத்த சார். இன்ஜினியரிங் முடித்த ஒரு பெண் வேலை கிடைக்கவில்லை என்றாள். நம் பக்கத்து மங்களூர்க்காரி ஒருத்தி, அண்ணன் கடையில் சம்பளமில்லாமல் உழைத்தது போதும் என்றாள். துபாயிலிருந்து வந்த ஒருவர், "இனிமே எவனுக்கும் சலாம் போட முடியாது சார்" என்றார். என் முறை வந்தது. கக்கூஸ் கட்டுவதற்கு என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை, ஆனால் போர்டில் 'நல்ல பணிச்சூழல்' என்று எழுதினார். அது இல்லைங்க, நான் சொன்னதையே எழுதுங்கள் என்றேன். அழித்துவிட்டு எழுதினார். அந்தச் சிரிப்பெல்லாம் எனக்குப் பழகிவிட்டது, மாமா. ஊர் சிரிக்கிறது என்று நீங்கள் பயமுறுத்தினால் எனக்குப் பயம் வரவில்லை.

ஷெட்டை வாடகைக்கு எடுத்ததும் மிஷின் வாங்குவதற்கு முன்னால் கக்கூஸைத்தான் கட்டினேன். திறப்பு விழாவுக்கு வந்த உங்கள் அண்ணன், சாமி படம் மாட்டுவதற்கு முன்னால் இதுவா என்றார். சாமி எங்கே வேண்டுமானாலும் இருப்பார் என்றேன். இப்போது எங்கள் ஷெட்டில் பீங்கான் பிள்ளையாரும் மயிலும் அகல் விளக்கும் வார்க்கிறோம். கார்த்திகை தீபத்துக்கு அகல் ஆர்டர் நிறைய இருக்கிறது, தொழிற்பேட்டையின் பொதுச் சூளையில் இடம் பிடிக்கத்தான் சண்டை போட வேண்டியிருக்கிறது. பெரியநாயகி தேறி என்னிடம் வந்துவிட்டாள். வேலை செய்கிற ஒவ்வொருத்திக்கும் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர். மத்தியானத்துக்குள் காலியாகவில்லை என்றால் நான் திட்டுவேன். பக்கத்து ஷெட்டுப் பெண்களும் நம் கக்கூஸுக்குத்தான் வருகிறார்கள். பழைய ஓனர் ஆள் விட்டு, அவர் கம்பெனிப் பெண்களை உள்ளே விடக் கூடாது என்று சொன்னார். ரோஷம் இருந்தால் அவரே ஒன்று கட்டிக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

மற்ற விசேஷங்கள். மணிமுத்தாற்றில் தண்ணீர் வந்திருக்கிறது. இளமதி காலாண்டில் கணக்கைத் தவிர எல்லாவற்றிலும் நல்ல மார்க். அப்பா எப்போது வருவார் என்று கேட்கிறாள். எனக்கே தெரியாததை அவளிடம் என்ன சொல்ல?

இப்போது கடைசி விஷயம். சுளுக்கு என்றீர்கள், எண்ணெய் தேய்த்தால் போய்விடும் என்றீர்கள். மதிவாணன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவனைத் திட்டாதீர்கள், நான்தான் விடவில்லை. முட்டியில் பிளேட் வைத்திருக்கிறார்களாம். கால் மடங்காதாம். கம்பெனியில் கணக்கு முடித்து ஊருக்குப் போகச் சொல்லி இரண்டு மாதமாகிறதாம், நீங்கள்தான் எதையாவது சொல்லித் தள்ளிப்போடுகிறீர்களாம். "அண்ணனால குந்த முடியலக்கா. கேம்ப்புல கக்கூஸெல்லாம் குந்தறதுதான். ரெண்டு பேரு புடிச்சு எழுப்பணும். அதுக்குக் கூச்சப்பட்டுக்கிட்டு அவரு தண்ணியே குடிக்கறதில்ல" என்றான்.

அதைக் கேட்டதும் உங்கள் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அழுதேன். பிறகு வேறொரு கோபம் வந்தது. வெறுங்கையோடு வந்து பெண்டாட்டி வைத்த கம்பெனியில் நிற்பதா என்றுதானே சாவியை அண்ணனிடம் கொடுக்கச் சொல்கிறீர்கள்? இத்தனை வருஷம் உங்கள் சம்பாத்தியத்தில் நான் சாப்பிட்டேன், எனக்கு ஒரு பருக்கைகூடத் தொண்டையில் சிக்கவில்லை. உங்களுக்கு மட்டும் ஏன் சிக்க வேண்டும்?

கடலூர் ரோட்டில் கம்பெனிகள் கழித்துப் போட்ட சரக்கு விற்கும் கடைக்குப் போன வாரம் போனேன். உட்கார்ந்து போகிற வெஸ்டர்ன் பீங்கான்கள் அடுக்கியிருந்தார்கள். கடைக்காரன் முறைக்க முறைக்கக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்து, அடியில் மீன் குறி இருப்பதாக இரண்டு எடுத்துவந்தேன். இதைப் போல ஆயிரக்கணக்கில் தேய்த்திருக்கிறேன், ஒன்றிலும் உட்கார்ந்ததில்லை. ஒன்றை வீட்டில் பதித்தாகிவிட்டது. இன்னொன்றை ஷெட்டில் அதே ஈசானிய மூலையில், பழைய கதவுக்குப் பக்கத்தில் தனிக் கதவு போட்டுப் பதித்திருக்கிறேன். எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் இரும்புப் பைப் வைத்தாகிவிட்டது. யாரும் தூக்கிவிட வேண்டாம்.

ஷெட்டில் எதற்கு என்பீர்கள். பொம்மைகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்க நிதானமான கை ஒன்று வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம். கூலி உண்டு, முதலாளியம்மா புருஷன் என்று சலுகை கிடையாது. பிடிக்கவில்லை என்றால் இடித்துவிடுங்கள். கடப்பாரையை வாசலிலேயே சாத்தி வைத்திருக்கிறேன். ஆனால் நீங்களே வந்து, உங்கள் கையால் இடிக்க வேண்டும். அண்ணன் தொடக்கூடாது. இடிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள்.

பெரியநாயகியிடம் டாக்டரம்மா சொன்னதையே நானும் உங்களிடம் சொல்கிறேன். மதிவாணன் பக்கத்தில்தான் இருக்கிறான், அவன் தோளைப் பிடித்துக்கொள்ளக் கூச்சப்படாதீர்கள். டிக்கெட் போடும்வரை, விமானம் ஏறும்வரை, ஸ்டேஷனில் நான் வந்து உங்கள் பையை வாங்கும்வரை, தண்ணீர் குடியுங்கள், மாமா. நிறையக் குடியுங்கள்.

இப்படிக்கு,
சாவியை இடுப்பில் வைத்திருக்கும் உங்கள்
கயல்விழி