புல்வெளிக்கு அடியில் பழைய ஆஷ்கோம்

தம்பிக்கு,

அம்மாவை முதியோர் இல்லத்தில் தள்ளிவிட்டு, அவள் உனக்கு எழுதிக்கொடுத்த புல்வெளியில் வீடுகள் கட்டப் போகிறாய் என்று கேள்விப்பட்டபோது நான் சண்டைக்கு வரவில்லை. உன் லண்டன் வீட்டை விற்று அதில் நீ முதல் போடும்வரை பொறுத்திருந்தேன்.

இந்தக் கோடையில் புல் கருகியதும், அந்தக் காலத்தில் கொள்ளைநோயில் அழிந்த பழைய ஆஷ்கோம் கிராமத்தின் சுவர்க்கோடுகள் தரையில் தெரிந்தன. தொல்லியல் ஆய்வாளர் ஹில்டாவை அழைத்தேன். தோண்டத் தோண்டத் தெருவும் அடுப்புகளும் கரிந்த பார்லியும் வெளிவந்தன.

"இது இங்க இருக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றாள்.

"சின்ன வயசுலயே அம்மா காட்டினாங்க. தம்பிதான் காது கொடுத்துக் கேக்கல."

அது இப்போது பாதுகாக்கப்பட்ட நிலம். ஒரு செங்கல்கூட நீ வைக்க முடியாது.

நேற்று உன் மனைவி போன் செய்தாள். "அண்ணி, தங்க இடமில்ல. உங்க மாடியில கொஞ்ச நாள் இருந்துக்கட்டுமா?" என்று அழுதாள்.

"அம்மாவுக்கும் இடமில்லன்னுதானே அவன் சொன்னான்?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

அம்மாவின் அடக்கத்துக்கும் நீ வரவில்லை. போகட்டும். அந்த நிலத்தில் ஆடு மேய்க்கத் தடையில்லையாம். விருப்பமிருந்தால் வா.

உன் அக்கா