பிந்தி முளைத்த முள்ளுக்கீரை

மச்சான்,

இன்று காலை சோளப் பாத்தியில் முள்ளுக்கீரைக் கன்றுகளைப் பிடுங்கினேன். விதை போட்டு எட்டே நாள். சோளமும் அதுவும் ஒன்றாகத் தலைநீட்டியிருந்தன. சிவந்த வேரை உதறியதும் கிளம்பிய ஈரமண் வாசத்தில், நீ பக்கத்தில் குந்தியிருப்பது போலவே இருந்தது. நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிறது.

ரப்பர் தோட்டத்தில் நாம் முதுகில் தொட்டி சுமந்து களைக்கு மருந்தடித்தவர்கள். மாதக்கணக்கில் இடைவெளி விட்டு, அடுத்த ரவுண்டு வந்தால்தான் அடிப்போம். புல் முழங்கால் வரை வளர்ந்தாலும் மரத்துக்கு என்ன? கம்பெனி தோட்டத்தை விற்றபின், ஈப்போ பக்கம் சிம்பாங் பூலாயில் சோளம் போட்டபோதும் எனக்கு அதே பழக்கம். முதல் விளைச்சல் முள்ளுக்கீரைக்குள் காணாமல் போனது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"ரப்பர் மரம்னு நெனச்சியா மச்சான்? சோளத்தோட சேந்து மொளைக்கிறவன்தான் திருடன். அவன மொதல்ல புடிலா."

அடுத்த முறை விதைத்த வாரமே என் மனைவியை ஈப்போ ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நிலத்தை நீ பார்த்துக்கொண்டாய். ஒரு மாதம் கழித்து, மாற்றுத்துணி எடுக்க வந்தவன் பாத்திப் பக்கம் போனேன். இடுப்புயரச் சோளத்தின் அடியில் பச்சைப்பசேலென்று முள்ளுக்கீரை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாத்துக்கன்னு சொன்னா காடாக்கி வச்சிருக்க! நாளையிலேருந்து நானே வந்து புடுங்கிக்கிறேன்."

நீ திருப்பிக் கத்தவில்லை. "மொத வந்தத எல்லாம் புடுங்கிட்டேன். இது பிந்தி வந்தது. நெழல்ல கெடக்கு, ஒன்னும் பண்ணாது. நீ ஆஸ்பத்திரிக்கு, தங்கச்சிகிட்ட போ லா." மோட்டார்சைக்கிள் சாவியை என் கையில் திணித்தாய். முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

கதிர் ஒடித்தபோதுதான் உன் பேச்சு விளங்கியது. சோளத்தடியில் கிடந்தவை சாண் உயரத்தில் வெளிறி நின்றன. தட்டினால் நாலு விதை. வேலியோரத்தில், உன் கண்ணுக்குத் தப்பி முதலில் முளைத்த ஒன்று மட்டும் என் நெஞ்சுயரம் வளர்ந்து, தொட்டாலே கருப்பாக விதை கொட்டியது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. இரண்டு கதிர் அவித்துக் கொடுத்தேன். நீ இரண்டையும் தின்றாய்.

சோளம் கிடக்கட்டும். நீ துரத்திவிட்ட மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில் அவள் தண்ணீர் கேட்டாள். கரண்டியால் ஊட்டினேன். கண்ணைத் திறக்காமல், "இருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கேன்," என்றேன்.

சாயங்காலம் போய்விட்டாள். அந்த நேரம் நான் பாத்தியில் குனிந்திருக்க வேண்டியவன், மச்சான். அவளுக்குப் பதில் சொல்ல என்னை அங்கே அனுப்பியது நீ.