பூசணம் பிடித்த மக்காச்சோளம்

இண்டூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள அமுதாவுக்கு,

ஆண்டவர் அருளால் நானும் மிச்சமிருக்கும் கோழிகளும் நலம். பெங்களூரில் நீயும் மகன் பிரவீனும் மருமகளும் பேரனும் சுகம்தானே? போனில் பேசினால் குழந்தை அழுகிற சத்தத்தில் நான் சொல்வது பாதிதான் உன் காதில் விழுகிறது. அதனால் எழுதுகிறேன்.

உன் கோழிகளில் சில செத்துவிட்டன. மழையில் மக்காச்சோள மூட்டை நனைந்து பூசணம் பிடித்தது. இங்கே எல்லாரும் செய்வதுபோல மாடியில் காயவைத்து, புடைத்து, கோழிகளுக்குப் போட்டேன். கொண்டை வெளுத்து இறக்கை தொங்கியது. சத்துக்குறைவு என்று நினைத்து வைட்டமின் மருந்தைத் தண்ணீரில் கலந்து வைத்தேன். ஒருநாள் தெளியும், மறுநாள் சுருண்டுவிடும்.

கால்நடை டாக்டர் யுவராணி வந்து மூட்டையை முகர்ந்து பார்த்தார். "ஏங்க வாத்தியாரே, ஒரு கையில அடிச்சுட்டு இன்னொரு கையில தைலம் தேய்க்கிறீங்களே!" என்று சிரித்தார். பூசணத்தின் நஞ்சு வெயிலில் போகாதாம். கல்லீரலைக் கெடுத்து, தின்கிற சத்தையும் உடம்பில் ஒட்டவிடாதாம். வைட்டமின் கொஞ்சம் தாங்கிப் பிடிக்குமே தவிர நஞ்சை முறிக்காது என்றார். தினமும் மழையில் நனைகிற பிள்ளைக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுப்பதுபோல என்று வைத்துக்கொள். சோளத்தைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டேன். புதுத் தீனி போட்ட பிறகு அதே மருந்து நன்றாக வேலை செய்கிறது. உன் புள்ளிக்கோழி மட்டும் இன்னும் எழவில்லை.

பக்கத்து வீட்டு ராயம்மாள், "நஞ்சாவது ஒண்ணாவது! அது உங்க வூட்டம்மாவத் தேடுதுங்க" என்று டாக்டரையே மடக்கினாள்.

மிச்சக் கோழிகளையும் யாருக்காவது கொடுத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு வரச் சொல்கிறான் பிரவீன். எப்போது வருவாய் என்று நான் உன்னைக் கேட்டால், "என் கோழிங்களப் பாக்கவாவது வந்துதானே ஆகணும்" என்பாய். ஞானஸ்நானம் முடியட்டும் என்றாய், பிறகு பல் முளைக்கட்டும் என்றாய். குறை சொல்லவில்லை. பேரனுக்கு நீ வேண்டும்.

பிரவீன் அனுப்பிய சத்து மாத்திரைகளைத் தவறாமல் போடுகிறேன். இனி அனுப்ப வேண்டாம் என்று சொல். ஒரு ஆளுக்காக அடுப்பு பற்றவைக்கத்தான் சோம்பலாக இருக்கிறது.

புள்ளிக்கோழி என் கையிலிருந்து தின்ன மாட்டேன் என்கிறது. நீ நீட்டினால் தின்னும். பேரனுக்கு என் முத்தமும் ஆசீரும். அந்தக் கோழிக்காகவாவது ஒருதடவை வந்துவிட்டுப் போ, அமுதா.

உன்
அல்போன்ஸ்