சொற்பாவை கேட்ட கேள்வி

மலையில் மழை தங்குக; கடலில் வலை கனக்க. சிலம்பாறு பிறக்கும் வேங்கைமலை நாட்டை ஆண்டருளும் பேரரசி எறிவேல் நங்கையார் திருவாய் மலர்ந்தருளியபடி, அவர்தம் பேரமைச்சன் நன்னாகன் கூத்தன் எழுதும் ஓலை. ஆம்பற்கரை நாட்டு வேந்தர் நெடுந்திரைக் கோமானின் திருமகளார், தம் படகைத் தாமே செலுத்தும் பெருமாட்டி, இளவரசி நீலாம்பல் தேவியார் திருமுன் வணங்கி வைப்பது. தங்கள் உப்பளங்கள் வெளுக்க, தங்கள் துறைமுகத்தில் பாய்மரங்கள் நெருங்க, தங்கள் குடிகள் வயிறார உண்டு வாழ்க.

மணவினை பற்றிய ஓலை மணமகளின் தந்தையார்க்கு எழுதப்படுவதே இரு நாட்டு மரபு. ஆகவே இது வழிதவறி வந்த ஓலை என்று எண்ணித் தூதரைத் திருப்பிவிட வேண்டா என்று முதற்கண் வேண்டுகிறேன். இது தங்களுக்கே எழுதப்பட்டது. காரணத்தை உடனே சொல்லிவிடலாம்தான். ஆனால் இன்று எனக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை, எழுத்தாணி என் சொல் கேட்காமல் துள்ளுகின்றது. நடந்ததை நடந்தபடி சொல்லி வருகிறேன். காரணம் தானே வந்து நிற்கும்.

தாங்கள் கடலின் ஏற்றநீர் புகும் கழிவழியே மணப்படகுகளோடு எல்லைத்துறை வரை வந்தருளியதையும், அங்கே எம் வரவேற்போலையைக் கண்ட தங்கள் தந்தையார் முகம் சிவந்து, இனி ஒரு முழமும் மேலே வர மாட்டேன் என்று நங்கூரம் இறக்கிவிட்டதையும் அறிந்தோம். அவர் சினம் நியாயமானது. சிலம்பாற்றில் எம் மதகு அடைபட்டுத் தங்கள் வயல்கள் வெடித்துக் கிடக்க, தங்கள் நாட்டில் கரைபுரளும் ஆற்றின் அழகை ஓயாது புகழ்ந்து, அவ்வாற்று நீரில் ஒரு பொற்குடம் நிறைத்து மணமேடைக்குக் கொண்டு வருமாறு கேட்டது அவ்வோலை. வறண்ட ஆற்றை உடையவரிடம் இதைவிடக் கொடிதாக எவராலும் எழுத இயலாது. ஆயினும் தேவியார் நம்ப வேண்டும்: அதை எழுதியதில் ஏளனம் இல்லை. எழுதியதற்கு உங்கள் ஆறு வறண்டது தெரியாது. ஏனெனில் அதற்கு எவரும் சொல்லவில்லை.

அதற்கு என்று நான் குறிப்பது எம் அரண்மனைச் சொற்பாவையை. கடல் கடந்த கைவினைஞர் செய்து தந்த வெண்கலப் பாவை அது. அதன் செவியில் வேண்டியதைச் சொன்னால், கையிலுள்ள எழுத்தாணியால் விடையை எழுதித் தரும். உலகத்து ஓலைகளையெல்லாம் ஓதியது. எம் வீட்டு நடப்பு ஒன்றும் அறியாதது. இவ்விரண்டாவது செய்தியை நாங்கள் கவனிக்காமற் போனதே எல்லாக் கூத்துக்கும் வேர்.

இங்கே எம் நாட்டு வழக்கம் ஒன்றைத் தேவியார் அறிய வேண்டும். வேங்கைமலையில் பெரியவர் முன் பேசுவோர் ஒரு வரியோடு நிறுத்த வேண்டும். கற்றவர்க்கு விவரம் சொல்வது, இது உமக்குத் தெரியாது என்று அவரை முகத்துக்கு நேரே இழிப்பதாகும். மருத்துவரிடம் வலிக்கிறது என்று சொல்வார்கள். எங்கே என்று சொல்ல மாட்டார்கள். அவரே கண்டுகொள்ள வேண்டும். எம் மருத்துவர்கள் இளமையிலேயே நரைப்பது இதனால்தான். உலகமெல்லாம் ஓதிய பாவைக்கு எவ்வளவு மரியாதை செய்திருப்போம் என்று எண்ணிப் பாருங்கள். பட்டு விரித்து, சாமரம் வீசி, வாய் பொத்தி நின்று, ஒரே வரி மொழிந்து, பின்னோக்கி நடந்து வெளியேறினோம்.

மடைப்பள்ளித் தலைவர், அரசத் திருமண விருந்துக்கு உரியவை யாவை என்று கேட்டார். எந்த நாடு, எந்தப் பருவம், உண்போர் யார் என்று சொன்னாரில்லை. பாவையோ உலகத்து அரசர் விருந்துகளையெல்லாம் நினைவிற்கொண்டு, ஒட்டகப் பாலில் காய்ச்சிய பாயசம் சிறப்பு என்று எழுதிற்று. கற்ற பாவை சொன்னபின் மறுப்பதெப்படி? ஒட்டகம் வாங்கி வந்தோம். மலையேறி வந்த களைப்பில் அது பால் தரவில்லை. அரண்மனை மாங்கன்றுகளை மட்டும் தின்று முடித்தது. படைத்தலைவரோ, மணமகளை வரவேற்கத் தக்க முறை யாது என்று கேட்டுவிட்டு, வந்த விடையின்படி பனிச்சறுக்கு வண்டி ஒன்று செய்வித்தார். எம் மலையில் பனி பெய்ததில்லை. அவ்வண்டியில் இப்போது கோழிகள் முட்டையிடுகின்றன. இவற்றோடு போயிருந்தால் நாமெல்லாம் சிரித்து மறந்திருப்போம். ஓலை மண்டபத்தாரும் அதே பணிவோடு, சம்பந்தி வேந்தருக்கு வரவேற்போலை ஒன்று அருளுக என்று ஒரு வரி சொல்லி, வந்ததைத் திருத்துவது அபசாரம் என்று அஞ்சி, முத்திரை ஒற்றி அனுப்பிவிட்டார்கள்.

தங்கள் தந்தையார் நங்கூரம் இறக்கிய செய்தி வந்தபோது எம் பேரரசியார் வழக்கத்தைக் காற்றில் விட்டார். அரியணையிலிருந்து இறங்கி வந்து, பாவையின் செவியைப் பிடித்து, வசைமழை பொழியத் தொடங்கினார். அடைபட்ட மதகு அறியாயோ என்றார். நம் பாட்டனார் ஒரு வேட்டைப் பூசலுக்காக அதை அடைத்ததும், பின்வந்தோர் வீம்புக்காக அடைத்தே வைத்ததும் அறியாயோ என்றார். அங்கே நெல் கருகியது, இங்கே உப்பு வராமல் குடிகள் சப்பென்ற கஞ்சி குடிப்பது, இம்மணத்தோடு மதகும் திறக்கும் என்று இரு நாடும் காத்திருப்பது, மணமகனான தம்பி முல்லைக்கோன் உணவைத் தொடாமல் மாடத்தில் நின்று ஆற்றையே பார்ப்பது, ஒட்டகம் மாங்கன்று தின்றது, அத்தனையும் சொல்லித் திட்டினார். மூச்சு வாங்கி மீண்டும் திட்டினார். இப்போது என்ன எழுதுவாய், எழுது பார்ப்போம் என்று முடித்தார்.

பாவை எழுதிற்று. தேவியே, அத்தனை வசவும் அதற்கு விவரமாயிற்று. ஒட்டகத்தை விற்றுவிடுக, பாயசத்துக்கு வெல்லமும் தினையும் போதும், சம்பந்தி வேந்தரிடம் ஆற்றைப் பற்றிப் பேசும்முன் அவர் வயலைப் பற்றி வருந்திப் பேசுக என்று, எம் வீட்டிலேயே பிறந்து வளர்ந்தது போல அடுக்கிக்கொண்டு போயிற்று. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். மடைப்பள்ளித் தலைவர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். நான் அவரைக் கட்டிக்கொண்டேன். இத்தனை ஆண்டு உடன் பணியாற்றியும் அவரைத் தொட்டது அன்றுதான்.

அதன்பின் அரண்மனை பட்டபாட்டை எழுதி மாளாது. வாய் பொத்தி நின்றவர்களெல்லாம் பாவையின் செவிக்குப் போட்டியிட்டார்கள். மடைப்பள்ளித் தலைவர் தம் மாமியார் முழங்கால் வலி வரை சொல்லிவிட்டார். விருந்துக்கு அது வேண்டா, ஆயினும் எள்ளெண்ணெய் பூசுக என்று பாவை எழுதிற்று. எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல வேண்டா என்பதும் ஒரு கலைதான் என்று பேரரசியார் அவரை அப்பால் தள்ளினார். மருத்துவரிடம் நோயாளர்கள் எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அவர் ஆனந்தக் கண்ணீர் வடித்ததாகக் கேள்வி.

பின்னர் பேரரசியார், தங்கள் தந்தையார்க்குப் பிழைபொறுக்குமாறு வேண்டுகின்ற ஓலை ஒன்று எழுதுமாறு பாவையைப் பணித்தார். அறிந்த யாவும் சொன்னோம், இனி என்ன குறை என்றார். பாவை ஒரே ஒரு வரி எழுதிற்று. மதகின் கதை சொன்னீர்கள், வேந்தர் மனம் சொன்னீர்கள், இளவரசர் மனம் சொன்னீர்கள்; மணமகளார் மனம் யாது என்று எவரும் சொல்லவில்லையே, அதையும் சொன்னால் எழுதலாம் என்றிருந்தது அது.

பேரரசியார் என்னைப் பார்த்தார். நான் மணத்தூது சென்று மீண்ட முதியவரைப் பார்த்தேன். அவர் தம் கால் விரலைப் பார்த்தார். உங்கள் தந்தையாரைக் கேட்டோம், சோதிடரைக் கேட்டோம், இரு நாட்டுப் பெருங்குடித் தலைவர்களைக் கேட்டோம். தேவியே, உங்களைக் கேட்கவில்லை. இளவரசர் முல்லைக்கோன் மாடத்திலிருந்து இறங்கி வந்து, எல்லைத்துறைத் திருவிழாவில் எதிர்நீரில் படகு செலுத்திய ஒருவரைக் கண்ட நாள்முதல் தமக்கு வேறு நினைவில்லை என்றும், ஆயினும் அவர் தம் வயலுக்கு நீர் வேண்டி மட்டுமே வருவாராயின் அந்த மணம் தமக்கு வேண்டா என்றும், சொன்னார். பேரரசியார் தம்பியின் தலையைத் தடவினார். எனக்கும் கண் கலங்கிற்று என்பதை மறைப்பதற்கில்லை.

ஆதலால் பேரரசியார் ஆணை இவ்வாறு பிறந்தது. மதகை இம்மணத்தோடு கட்டியிருந்த முடிச்சு இன்றோடு அவிழ்க்கப்பட்டது. தேவியார் இசைந்தாலும் நீர் ஓடும்; மறுத்தாலும் ஓடும்; மறுத்தமைக்காக எம் நாட்டில் எவரும் ஒரு சொல்லும் சொல்லார். மேலே வரப் படகோட்டிகளும், கடலுக்குத் திரும்ப வழிச்சோறும் துறையில் ஒருங்கே காத்திருக்கும்படி அதிகாரிகள் பணிக்கப்பட்டனர். தங்கள் தந்தையார்க்கு உரிய ஓலை, தங்கள் மனம் அறிந்தபின் எழுதப்படும். இவ்வாணையை மீறுவோர் ஒட்டகத்தைப் பராமரிக்கக் கடவர். அதை இன்னும் எவரும் விலைக்குக் கேட்கவில்லை.

தங்கள் மறுமொழி எம் வழக்கப்படி ஒரு வரியில் வர வேண்டா. விரும்பிய மட்டும் நீளமாக, விவரமாக எழுதுக. அதன்பொருட்டு வெற்றோலைக் கட்டொன்று இத்துடன் வைத்துள்ளோம். விரைந்தும் எழுத வேண்டா. இவ்வோலையில் பேரரசியார் வேங்கைப்பூ முத்திரையை ஒற்ற எடுத்தபோதே மதகின் பலகைகள் தூக்கப்பட்டன. அந்த இரைச்சலில்தான் இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன். எம் தூதர் கரைவழியே சுற்றி வருபவர். நீர் நேரே வருவது. ஆகவே தாங்கள் இதை வாசித்து முடிக்கும்போது, நங்கூரமிட்ட தங்கள் படகு சற்றே உயர்ந்திருக்கும்.