முள் இறங்கவில்லை

ஜூன் 3

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: இன்று மாலை, அடுப்பில் பால் பொங்கி வழிந்த சுபவேளையில், நம் இல்லத்துக்கு எடை பார்க்கும் இயந்திரம் ஒன்று எழுந்தருளியது. அக்கா வேலை செய்யும் கட்டடத்தில் தூக்கிப் போட்டதாம். வட்ட முகம், ஒற்றை முள், அடியெல்லாம் துரு. எங்கள் கணக்கு வாத்தியாருக்கு உடன்பிறப்பு.

வந்த காரணம்தான் சிரிப்பாக இல்லை. உயரமான கட்டடங்களின் கண்ணாடியை வெளிப்பக்கம் தொங்கிக்கொண்டு துடைப்பது அக்காவின் வேலை. கயிற்றில் ஒரு இரும்புத் தொட்டில் இறங்கும், அதில் இரண்டு பேர். (இந்த வயதிலும் தொட்டிலை விடாத ஒரே ஆள் என்று சொல்லி முதுகில் வாங்கியிருக்கிறேன்.) இப்போது புதுத் தொட்டில் வருகிறது, சின்னது. ஆளுக்கு அறுபத்தைந்து கிலோவுக்கு மேல் கூடாதாம். ஆகஸ்டில் எடை போடுவார்கள். தேறாவிட்டால் கீழே கழிவறை கழுவலாம், பாதிச் சம்பளத்துக்கு. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அம்மா வாங்குவது வாடகைக்கே சரி.

ஜூன் 4

இயந்திரத்தின் அடியில் ஒரு திருகு. திருப்பினால் முள் ஏறுகிறது. நாலு கிலோ ஏற்றிவைத்தேன். ஆள் ஏறாதபோதும் முள் நாலில் நின்று காட்டிக்கொடுக்குமே? அதற்கு, அந்த இடத்துக் கண்ணாடிமேல் ஒரு பட்டாம்பூச்சி ஸ்டிக்கர். மூளை என்றால் இது மூளை.

அக்கா ஏறினாள். எழுபத்தாறு. இறங்கினாள், கம்மலைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி ஏறினாள். எழுபத்தாறு.

"பதினொரு கிலோம்மா" என்றாள்.

சாப்பிடும்போது தன் முட்டையை என் தட்டில் வைத்தாள். "நீ தின்னுடா. எனக்கு இனிமே இதெல்லாம் ஆகாது."

ஞாயிற்றுக்கிழமை உண்மையைச் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம். எனக்கு வழக்கமாக முட்டை பரீட்சைத் தாளில்தான் வரும். தட்டில் வந்தால் ருசியாகத்தான் இருக்கிறது.

ஜூன் 8

ஞாயிறு. சொல்லவில்லை. இன்றும் முட்டை வந்தது.

ஜூன் 15

எனக்கு நானே பதவி கொடுத்துக்கொண்டேன்: தலைமைப் பயிற்சியாளர்.

"கோச்சு மூஞ்சியப் பாரு" என்றாள் அக்கா.

அம்மாவின் போனில் தேடிப் படித்தேன். எடை குறைக்கிறவர்கள் புரதத்தைக் குறைக்கக் கூடாதாம். இறைச்சி எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், எப்போதாவதுதான் வீட்டுக்கு வரும். அதனால் ஏழைகளுக்கான திட்டம் தீட்டினேன்: காலையில் முட்டை, மதியம் கெட்டியாகப் பருப்பு, சாயங்காலம் அவித்த கொண்டைக்கடலை, ராத்திரி தயிர். சோறு பாதி. சுவரில் ஒட்டியும் விட்டேன். அக்கா ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

ஜூன் 22

முள் எழுபத்தைந்து.

"ஒரு வாரம் நாய் மாதிரி நடந்தும் ஒரே ஒரு கிலோவா? உன் கடலைதான்டா காரணம்." சுவரில் இருந்த திட்டத்தைக் கிழித்து, அதிலேயே கடலைத் தோலை மடித்துப் போட்டாள். முட்டை என் தட்டுக்குத் திரும்பியது.

எழுபத்தைந்து என்றால் எழுபத்தொன்று. எனக்குத் தெரியும்.

ஜூலை 5

அக்கா ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள். அதுவும் வெள்ளரிக்காய், தண்ணீர் மோர், அரைக் கை சோறு. சட்டை தோளில் நிற்காமல் சரிகிறது.

"துணியெல்லாம் தொளதொளன்னு இருக்கு, இந்த முள்ளு மட்டும் ஏன்டா இறங்க மாட்டேங்குது?"

"உனக்கு எலும்பு கனம்க்கா."

சிரித்தாள். நம்பியும் விட்டாள். அதுதான் ஒரு மாதிரி இருந்தது.

ஜூலை 12

குளியலறைச் சாக்கடை அடைத்துக்கொண்டது. குச்சி விட்டு இழுத்தேன். எலி என்று நினைத்துக் கத்தப் போனேன். முடி. அவ்வளவும் அக்காவுடையது.

ஜூலை 16

அம்மா சலவைக்கூடத்திலிருந்து செய்தி கொண்டுவந்தாள். "அங்க நர்ஸம்மாகிட்ட கேட்டேன். பருப்பு, முட்டை எதுவும் இல்லாம பட்டினி கெடந்தா கொழுப்போட சதையும் சேர்ந்து கரையுமாம். உடம்பு தன்னையே தின்ன ஆரம்பிச்சிடுமாம்டி."

"முள்ளு அறுபத்தஞ்சுக்கு வரட்டும்மா. அப்புறம் தின்னுக்கறேன்."

எல்லோரும் வெளியே போனதும் திருகைத் திருப்பப் பார்த்தேன். அசையவில்லை. துரு. சமையல் கத்தியை விட்டு நெம்பினேன், திருகின் தலை மழுங்கிப்போனது. இனி யாராலும் திருப்ப முடியாது.

சொன்னால் என்ன ஆகும்? கொல்ல மாட்டாள். இவ்வளவு நாள் சாப்பிடாமல் கிடந்ததெல்லாம் எதற்கு என்று கேட்பாள். அதற்கு என்னிடம் ஜோக் இல்லை.

ஜூலை 27

வெயில் கொளுத்துகிறது. அக்கா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 6

வெற்றி. கம்பெனியில் எடை போட்டார்கள். ஐம்பத்தொன்பது! இருப்பவர்களிலேயே இவள்தான் லேசாம். சூப்பர்வைசர் கைதட்டினாராம். பயிற்சியாளருக்கு யாரும் மாலை போடவில்லை, பரவாயில்லை.

"நம்ம மெஷின்ல காலைலகூட அறுபத்து மூணு காட்டிச்சேடா?"

"அவங்க மெஷின் பொய் சொல்லுதுக்கா."

வாய் தானாகவே சொல்லிவிட்டது.

அக்காவுக்குத் தொட்டில்கூட இல்லையாம் இனிமேல். ஒற்றை ஆள் உட்காரும் கயிற்று நாற்காலி. தொட்டில் நுழையாத மூலைகளுக்கு, உச்சி மாடியிலிருந்து. சம்பளமும் அதிகம். திங்கட்கிழமை முதல்.

ஆகஸ்ட் 9

அக்கா தன் சீருடையைத் துவைத்துப் பிழிந்து கொடியில் போட்டாள். சொட்டிக்கொண்டே இருந்தது. அம்மா எடுத்து ஒரு முறுக்கு முறுக்கினாள். அரை வாளித் தண்ணீர் கொட்டியது.

அம்மா அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும்.

துணி பிழிய வராத அந்தக் கையால்தான் அக்கா திங்கட்கிழமை கயிற்றைப் பிடிக்கப் போகிறாள்.

ஆகஸ்ட் 10

நாளைக்குள் சொல்லணும். சொல்லிடுவேன். வாயாடிக்கு வார்த்தைக்கா பஞ்சம் — எல்லாத்துக்கும் பேசுற வாய் இதுக்கு மட்டும் ஏன் ஒட்டிக்குது?

ஆகஸ்ட் 11

சொல்லிவிட்டேன். அக்கா கிளம்பிப் போன பிறகுதான் தைரியம் வந்தது. புலி மாதிரி பாய்ந்து ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் ஊரே பார்க்க, நெஞ்சை நிமிர்த்தி, "நான்தான்க்கா, திருகைத் திருப்பினது நான்தான்" என்றேன். பஸ் வந்தது. அக்கா ஏறவில்லை.

ஆகஸ்ட் 12

நேற்று எழுதியதை இப்போது படித்தேன். நல்ல கதை. ஒரு சின்னத் திருத்தம்.

ஓடியது அம்மா. நான் அம்மாவிடம்தான் சொன்னேன். பாதி சொல்வதற்குள் அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அம்மா ஒற்றைச் செருப்போடு ஓடி, பஸ் படியில் கால் வைத்திருந்தவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறாள்.

அக்கா வந்து கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"எவ்ளோடா ஏத்தி வச்சே?"

"நாலு."

போய்விட்டாள் என்று நினைத்தேன்.

"அப்ப எனக்கு ஜூலையிலயே முடிஞ்சிருக்கும்ல" என்றாள்.

நாற்காலி வேறு ஒருத்திக்குப் போய்விட்டது. கையில் பலம் வரும்வரை அக்காவுக்குக் கீழ்த்தளம்தான்.

மூளை, பயிற்சியாளர் என்றெல்லாம் மேலே எழுதியிருக்கிறேன். நான் செய்தது இரண்டே காரியம். திருகைத் திருப்பினேன். அவள் முட்டையைத் தின்றேன். நேற்று ஊர் பார்க்க நெஞ்சு நிமிர்த்தியவன், உண்மையில் வாளிக்குப் பக்கத்தில் குந்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.