"உறவினர்" என்ற சொல்லில் நாத்தனாருக்கு இடமில்லை

அனுப்புநர்:
தட்டச்சர்,
சட்ட வரைவுப் பிரிவு, தரைத்தளம்.

பெறுநர்:
செயலாளர்,
சட்டத் துறை, மூன்றாம் தளம்.

பொருள்: உறுப்பு மாற்றுச் சட்டம் – "உறவினர்" என்ற சொல்லுக்குப் பொருந்தாத வரையறை இடம்பெற்றது – உடனே திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் அண்ணிக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. அண்ணன் இறந்து பத்தொன்பது வருடங்கள் ஆகின்றன. அண்ணிக்குப் பிள்ளை இல்லை, பெற்றோரும் இல்லை. அன்று முதல் நாங்கள் இருவரும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. என் சிறுநீரகம் அவருக்குப் பொருந்தும் என்று மருத்துவர் சொன்ன அன்று, பேருந்து நிறுத்தத்திலேயே உட்கார்ந்து இருவரும் அழுதோம்.

2. நேற்று மருத்துவமனையில் எங்கள் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உறவினர் மட்டுமே தானம் செய்யலாமாம். அங்கிருந்த எழுத்தர் அரசிதழை என் பக்கம் திருப்பி வைத்து, "சட்டத்துல நாத்தனார் உறவு இல்லைம்மா, நான் என்ன பண்ணட்டும்?" என்றார். படித்தேன். "உறவினர் என்பது கணவன் அல்லது மனைவி, பெற்றோர், உடன் வசிக்கும் மணமாகாத பிள்ளைகள்." அந்த வரியைத் தட்டச்சு செய்தவள் நான்.

3. எங்கள் பிரிவின் வழக்கம் தாங்கள் அறிந்ததே. மசோதாவில் சொற்களின் வரையறையைக் கடைசியில்தான் எழுதுவோம். அதுவரை பக்கம் வெறுமையாக இருக்கக் கூடாதென்று பழைய சட்டம் ஒன்றிலிருந்து எடுத்துப் போட்டு வைப்போம். இது அரசுக் குடியிருப்பு ஒதுக்கீட்டுச் சட்டத்தின் வரையறை. ஒரு வீட்டில் சொந்தபந்தமெல்லாம் வந்து குடியேறிவிடாமல் இருக்க எழுதியது. கூட்டத்தொடரின் கடைசி நாள் என்று விரட்டினார்கள். மாற்ற மறந்து அப்படியே அனுப்பிவிட்டோம். அவையில் மூன்று முறை வாசிக்கப்பட்டதாகக் குறிப்பு இருக்கிறது. அம்மாவுக்குச் சிறுநீரகம் கொடுக்க மகள் ஏன் மணமாகாதவளாக இருக்க வேண்டும் என்று ஒருவர் கூடவா கேட்கவில்லை? குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிவிட்டது. இந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை பேர் திரும்பிப் போனார்களோ, நினைக்கவே பதறுகிறது.

4. என் மேல் தவறில்லை என்று சொல்ல வரவில்லை. சரிபார்த்தவர் என்ற இடத்தில் இருப்பதும் என் கையொப்பமே. எந்த நடவடிக்கையையும் ஏற்கிறேன். ஆனால் தண்டனை அண்ணிக்கல்லவா போகிறது, ஐயா? வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு. அதையும் உடம்பு இனி அதிக நாள் தாங்காது என்கிறார்கள். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. ஏதோ ஒரு சான்றிதழ் குறைகிறது என்று பொய் சொல்லி வைத்திருக்கிறேன்.

5. திருத்த மசோதா என்றால் அடுத்த கூட்டத்தொடர் வரை காத்திருக்க வேண்டும். ஆனால் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதில் சிக்கல் எழுந்தால் அதை ஆணையின் மூலமே நீக்கலாம் என்கிறது பிரிவு 31. அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன். அந்த அதிகாரம் சட்டம் அமலுக்கு வந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குத்தான். வரும் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. மேலதிகாரி வழியாக அனுப்பாததற்கு மன்னிக்கவும். கோப்பு மூன்று மாடி ஏறுவதற்குள் வெள்ளிக்கிழமை போய்விடும்.

உடன்பிறந்தோர், மணமான பிள்ளைகள், கணவன் அல்லது மனைவியின் உடன்பிறந்தோர் ஆகியோரைச் சேர்த்து ஆணையின் வரைவை இணைத்துள்ளேன். ஒரே பக்கம்தான். இம்முறை ஒவ்வொரு சொல்லையும் வாசித்துவிட்டேன். தாங்களும் ஒரு முறை வாசித்துவிட்டுக் கையொப்பமிடுமாறு மன்றாடுகிறேன்.

இடம்: வரைவுப் பிரிவு
நாள்: செவ்வாய்க்கிழமை

இப்படிக்கு,
(ஒப்பம்)
தட்டச்சர்,
நோயாளியின் உறவினர்.